தப்பு ஸ்வரத்துக்கு ஒரு குடம்

லிசி டீச்சரின் தகர விசிலில் இருந்து முதன்முதலாக வந்த தண்ணீர் அரைக் குடம். மறுநாள் ஒரு குடம். சித்திரை பாதி போவதற்குள் எடமலைப்பட்டி புதூர் மேட்டுத் தெரு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தது, சமைத்தது, பாத்திரம் கழுவியது. தண்ணீர் சில்லென்று இருக்கும், துவர்ப்பு கிடையாது, பருப்பு நன்றாக வேகும். ஒரே ஒரு நிபந்தனைதான். டீச்சர் தப்பாக வாசித்தால் மட்டுமே தண்ணீர் வரும். சரியாக விழுந்த ஸ்வரத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும், டீச்சரைத் தவிர.

மேட்டுத் தெரு பெயருக்கேற்ற தெரு. குழாய்த் தண்ணீர் மதுரை ரோட்டில் இருந்து கிளம்பும்போது நல்ல வேகத்தோடுதான் கிளம்பும். மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, தெரு முனையிலேயே உட்கார்ந்துவிடும். போர் போட்டவர்களுக்குப் புழுதிதான் வந்தது. கோடை பிறந்தால் லாரியை விட்டால் வேறு கதி இல்லை. லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். குடத்தைத் தெருவில் விட மனம் வராதவர்கள் ஒரு செங்கல்லையோ பழைய செருப்பையோ வைத்து இடம் பிடிப்பார்கள். எந்தச் செருப்பு யாருடையது, எது யாருக்கு முன்னால் இருந்தது என்பதெல்லாம் தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் பாப்பாயி அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஒருமுறை ஒரு வக்கீலின் செருப்பையே அவர் வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார், வக்கீலும் வாயைத் திறக்கவில்லை.

லிசி டீச்சர் அந்தத் தெருவில் பச்சை கேட் போட்ட வீட்டில் இருப்பவர். ஐம்பதை நெருங்குகிற வயது, கணக்கு டீச்சர். சிவப்புப் பேனாவால் அவர் போடும் தப்பு, தாளின் அடுத்த பக்கத்திலும் தெரியும். ஆனால் அவருக்கே வாழ்க்கையில் ஒரு தப்பு விழுந்திருந்தது. சின்ன வயதில் மாதா கோயில் பாடல்குழுவில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அதை நடத்திய சிஸ்டர் அவர் காதருகே குனிந்து, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா" என்றார். லிசி சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. அன்று ஒலியில்லாமல் அசையத் தொடங்கிய வாய், சிஸ்டர் மாற்றலாகிப் போன பிறகும், காலேஜ் முடித்த பிறகும், கல்யாணமாகி இந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்கு வந்து இங்குள்ள பாடல்குழுவின் கடைசி வரிசையில் நின்ற பிறகும் அப்படியே அசைந்துகொண்டிருந்தது. கல்யாணப் பூசையில், இவரைக் கணவராக ஏற்கச் சம்மதமா என்று கேட்ட ஃபாதருக்கே பதில் காதில் விழாமல் இன்னொரு முறை கேட்க வேண்டியதாயிற்று. கோயிலில் சத்தம் வரக்கூடாது என்பது அவருக்கு அவ்வளவு பழகியிருந்தது. உள்ளுக்குள்ளே மட்டும் ஓர் ஆசை. சாவதற்குள் ஒரு தடவையாவது ஒரு முழுப் பாட்டு தன் வாயிலிருந்து வெளியே வரவேண்டும், கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் அதைக் கேட்கவேண்டும்.

பாடல்குழுவை இப்போது நடத்துகிறவர் ஜேக்கப். கீபோர்டு வாசிப்பவர், அதே மேட்டுத் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். பங்குனித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தைரியத்திலோ லிசி டீச்சர் அவரிடம் போய்த் தன் ஆசையைச் சொல்லிவிட்டார். ஜேக்கப் இளகிய மனதுக்காரர், யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. "பாட்டு வேணாம் டீச்சர். ஏதாவது வாத்தியம் கத்துக்குங்க. மே மாசக் கடைசியில மாதா திருவிழா வருதில்ல, அன்னைக்கு காணிக்கைப் பாட்டை நீங்களே தனியா வாசிங்க" என்றார். இரண்டு மாதத்தில் யார் வாத்தியம் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் கணக்கு டீச்சர் மறுநாளே ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார்.

ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பீமராவ் கடையில் மிருதங்கம், சுருதிப்பெட்டி, கோலாட்டக் குச்சி எல்லாம் கிடைக்கும். பீமராவ் முதலில் மூங்கில் புல்லாங்குழலைத்தான் எடுத்துக் காட்டினார். "இதுல சத்தம் வரவே ஆறு மாசம் ஆகும்மா. உங்களுக்கு எப்ப வேணும்?" என்று கேட்டார். மே மாசம் என்றார் டீச்சர். பீமராவ் புல்லாங்குழலை உள்ளே வைத்துவிட்டு, ஷோகேஸின் மூலையில் கிடந்த தகர விசிலை எடுத்துத் துடைத்தார். பெயர்தான் தகர விசில். உடம்பு பித்தளை, ஒரு சாண் நீளத்துக்கு மேல், ஆறு துளை, ஊதுகிற வாய் மட்டும் பச்சைப் பிளாஸ்டிக். அவருடைய மாப்பிள்ளை டப்ளினில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சாக்லேட் கேட்டால் இதில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். ஊதினால் போதும், சத்தம் தானாக வரும். அது நல்ல சத்தமா என்பது விரலைப் பொறுத்தது.

விசிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பீமராவ் அதை வைத்துக்கொள்ளும் முறையையும் சொன்னார். "வாசிச்சதும் நல்லா உதறிட்டு, மெல்லிசுத் துணியைக் குச்சியில சுத்தி உள்ள விட்டுத் துடைச்சிடுங்க. வெயில்ல போட்டீங்கன்னா பிளாஸ்டிக் கோணிக்கும். முறுக்கு கிறுக்கு சாப்பிட்ட வாயோட ஊதாதீங்க, துகள் போய் அடைச்சுக்கும். யாருக்கும் கடன் குடுக்காதீங்கம்மா, பல்லு தேய்க்கிற பிரஷ் மாதிரிதான் இதுவும். அப்புறம் ஊத ஊத உள்ள ஈரம் தங்கும். எல்லா விசிலுக்கும் உள்ளதுதான், பயந்துக்காதீங்க." டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தக் கடைசி வாக்கியத்தால் எங்கள் தெருவுக்கு விளைந்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்து, ஜன்னல்களைச் சாத்தி, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆறு துளையையும் மூடிக்கொண்டு ஊதினார். வலது மோதிர விரல் ஒரு மயிரிழை விலகியிருந்தது, மூச்சும் தேவைக்கு மேல் போய்விட்டது. அடி ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் அது மேலே தாவிக் கிறீச்சிட்டது. அதே நேரம் விசிலின் மறுமுனையில் இருந்து தண்ணீர் கொட்டி அவர் மடியை நனைத்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் இருதயநாதன், "யாரு பூனை வாலை மிதிச்சது?" என்று குரல் கொடுத்தார். இருதயநாதன் ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷியர். கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. டீச்சர் புடவையைப் பிழிந்துவிட்டு, பீமராவுக்குப் போன் போட்டார்.

"ஈரம் வருதுங்க."

"வரும்மா. எல்லாத்துலயும் வரும்."

"அரைக் குடம் வருதுங்க."

பீமராவ் சற்று யோசித்தார். "பெரிய துணியா எடுத்துக்குங்க" என்றார்.

கடைக்காரரே சொன்ன பிறகு டீச்சருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அடுத்த நாள் ஸ்டூலுக்குக் கீழே ஒரு குடம் வைத்துக்கொண்டார், அதற்கடுத்த நாள் இரண்டு. நிரம்பி வழிந்தது வாசல் சாக்கடைக்குப் போயிற்று. கோடையில் மேட்டுத் தெருவில் ஒரு சாக்கடை ஓடுகிறது என்றால் அது கொலைக்கேஸுக்குச் சமம். பாப்பாயி அக்கா இட்லிக் கரண்டியோடு வந்து நின்றார். விசிலைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், ஒரு கை அள்ளிக் குடித்தார். திரும்பிப் போய்த் தன் இடது கால் செருப்பைக் கழற்றிப் பச்சை கேட்டின் முன்னால் வைத்தார். சாயங்காலத்துக்குள் அந்தச் செருப்புக்குப் பின்னால் பெட்டிக்கடை வரைக்கும் வரிசை நின்றது.

தப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் ஜேக்கப். காது உள்ளவர் அல்லவா? வரிசையில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. விரல் லேசாகப் பிசகினால் டம்ளர் அளவு வருகிறது. மேலே தாவிக் கிறீச்சிட்டால் வாளியே நிறைகிறது. எப்போதாவது அதிர்ஷ்டவசமாக ஒரு ஸ்வரம் சுத்தமாக விழுந்தால் விசில் காய்ந்து போகிறது. அவர் இதைப் பாப்பாயி அக்காவிடம் சொன்னார். அக்கா அவரை ஓரமாக அழைத்துப் போய், "இது டீச்சர் காதுல விழுந்துச்சு, அப்புறம் உங்க குடத்தை மறந்துடுங்க" என்றார். டீச்சரோ தண்ணீர் வராத போதெல்லாம் தான் ஊதியது போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஜேக்கப்பிடமே சந்தேகம் கேட்டபோது, இல்லை என்று சொல்ல வராத அந்த மனிதர் கையில் வெறுங்குடத்தோடு, "தண்ணி வந்தா சரின்னு அர்த்தம் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு டீச்சர் தண்ணீரைத் திருத்திய தாளில் விழும் சரிக்குறி மாதிரி எடுத்துக்கொண்டு, எந்த ஸ்வரத்துக்கு அதிகம் கொட்டுகிறதோ அதையே திரும்பத் திரும்பப் பழகினார். மனிதர்கள் முன்னேறுவதைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் இவ்வளவு சிரத்தையோடு பின்னேறுவதை நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

பராமரிப்பில் டீச்சர் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைக்கும் துணி தனி, வைக்கும் உறை தனி. அவருடைய பழைய பட்டு ரவிக்கையை வெட்டி அந்த உறையைத் தைத்தார். சளியோ தூசியோ அடைத்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு வாய்க்குள் விடவேண்டும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே செய்தார். அந்த வாரம் முழுக்க விசிலில் நுரையோடுதான் தண்ணீர் வந்தது, எலுமிச்சை வாசனை வேறு. தெருவே போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்துப் போட்டது. பிளாஸ்டிக் வாயை வெதுவெதுப்பான நீரில் அலசிய நாளில் தண்ணீரும் வெதுவெதுப்பாகவே வந்தது, கைக்குழந்தைக்காரிகளுக்கு முன்னுரிமை கொடுத்தோம். சிக்கல் இருதயநாதனால்தான் வந்தது. அவருக்குச் சொந்த ஊர் மணப்பாறை; அவர் தங்கை அனுப்பிய முறுக்கில் ஒன்றை டீச்சர் மறந்துபோய்த் தின்றுவிட்டு ஊத, துகள் போய் அடைத்துக்கொண்டது. அன்றைக்கு முழுவதும் ஓமத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, அதையும் வயிற்றுவலிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பாப்பாயி அக்கா தலைமையில் ஒரு கூட்டம் வந்து வீட்டில் இருந்த முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு போயிற்று. இருதயநாதன் ஒருமுறை, நானும் ஊதிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். "என் பல்லு தேய்க்கிற பிரஷைக் கேப்பீங்களா நீங்க?" என்றார் டீச்சர். "ஒருக்கா எடுத்திருக்கேனே" என்றார் அவர். அன்றிலிருந்து உறைக்கு ஒரு பூட்டும் வந்தது.

மாநகராட்சியில் இருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். குடித்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர், ஆனால் எங்கள் லைன் இல்லை என்று சொல்லிவிட்டு, தன் காரில் இருந்த கேனையும் நிரப்பிக்கொண்டு போனார். தெருவில் சிலர் பீமராவிடம் இருந்த மற்ற விசில்களை எல்லாம் வாங்கிவந்து ஊதினார்கள். அவற்றில் எச்சில்தான் வந்தது. அதனால் எல்லாம் டீச்சரின் கைராசி என்று முடிவாயிற்று. பாராட்டு மழை பொழிந்தோம். டீச்சர் வாசித்து முடித்தால் கை தட்டுவோம், இன்னொரு தரம் என்போம். யாராவது சிரித்தால் வரிசையில் அவர்கள் செருப்பு பின்னால் போய்விடும். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது டீச்சர் காணிக்கைப் பாட்டை முதலில் இருந்து கடைசி வரைக்கும் ஒரு ஸ்வரம்கூடச் சரியாக விழாமல் வாசித்தார். நாற்பது குடம் நிரம்பியது. டீச்சரின் முகம் அன்று பூத்திருந்ததை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் அவர் தான் வாசித்ததைப் போனில் பதிவு செய்து பீமராவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை?"

டீச்சர் தன் பதிவைத் தானே போட்டுக் கேட்டார். ஊதும்போது கவனமெல்லாம் தண்ணீர் மேல் இருந்ததால் காதில் விழாதது எல்லாம் இப்போது விழுந்தது. இருதயநாதன் பக்கத்தில்தான் இருந்தார். முதல்முறையாக அவருக்குக் கேலி எதுவும் தோன்றவில்லை. டீச்சர் எழுந்து நேராக ஜேக்கப் வீட்டுக்குப் போனார். ஜேக்கப் இரண்டு கையிலும் இரண்டு குடத்தோடு வாசற்படி ஏறிக்கொண்டிருந்தார். "தண்ணி வந்தா சரின்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார் டீச்சர். ஜேக்கப் குடங்களைக் கீழே வைத்தார். "வீட்ல சின்னப் பிள்ளைங்க டீச்சர்... தண்ணி..." என்று ஏதோ ஆரம்பித்தார். "சிஸ்டராவது என்கிட்ட உண்மையைச் சொன்னாங்க" என்றார் டீச்சர். ஒரு தெருவே கூடித் தன்னை முட்டாளாக்கிய அவமானம் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வாசலில் நின்ற செருப்புகளை யாரும் எடுக்கவில்லை, ஆனால் கை தட்டவும் யாரும் இல்லை.

அடுத்த நாளில் இருந்து விசில் டீச்சரின் கைப்பைக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. தினமும் காலையில் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய், அம்மா மண்டபம் படித்துறையில் கடைசிப் படியில் உட்கார்ந்து, போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரமாகப் பழகினார். மூச்சைக் குறைத்தார். விரல் நுனியால் மூடாமல் விரலின் சதையால் மூடினார். அங்கே தப்பு செய்தால் யாருக்கும் லாபமில்லை, தண்ணீர் காவிரியில்தான் விழும். கோடைக் காவிரி அப்போது வெறும் மணல். முதல் வாரத்திலேயே அந்தப் படித்துறையில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஸ்நானத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் ரங்கநாதன் அனுக்ரஹம்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீச்சருக்கு வாசிப்பு தேறத் தேறத் தண்ணீர் வற்றி, கடைசியில் மறுபடியும் மணல் தெரிந்தது. லோகத்தில் பாபம் அதிகமாகிவிட்டது என்று அதே பெரியவர் டீச்சரிடமே வருத்தப்பட்டார். டீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்த வரியை வாசித்தார்.

மேட்டுத் தெரு காய்ந்தது. லாரிக்காரர்களோ எங்களை மறந்தே போயிருந்தார்கள், கூப்பிட்டதற்கு, நீங்கள்தான் விசிலில் குளிக்கிறீர்களாமே என்று கேட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிவந்த டீச்சரைப் பாப்பாயி அக்கா வழிமறித்தார். "டீச்சர், கோவத்தை என்மேல காட்டுங்க, அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன். ஒரே ஒரு தப்பு பண்ணிட்டுப் போங்க. சாம்பார் வைக்கணும்." டீச்சர் நின்று அவரைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்கவேண்டும், உதடு ஒருபக்கம் போயிற்று. ஆனால் திருவிழா வரைக்கும் ஒரு தப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

திருவிழா அன்று சாயங்காலம் பூசை, அதற்குப் பிறகு பங்கு மக்கள் எல்லோருக்கும் பிரியாணி. உறையூரில் இருந்து ஜெகபர் அலி பாய் வந்து கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி அண்டாக்களை ஏற்றியிருந்தார். கறி தயார், அரிசி தயார், வெங்காயம் சிவந்துவிட்டது. தண்ணீர் லாரி மட்டும் மதுரை ரோட்டில் டயர் வெடித்து நின்றுகொண்டிருந்தது. ஜெகபர் அலி பாய், "அல்லாவே, தண்ணியில்லாம நான் அரிசியை எதுல போடுறது?" என்று அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜேக்கப்பும் பாப்பாயி அக்காவும் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கோயில் வாசலில் டீச்சரைப் பிடித்தார்கள். அவர் கத்தரிப்பூ நிறப் பட்டுக் கட்டி, உறையோடு விசிலைக் கையில் வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் கண்களில் பயம் தெரிந்தது. இவ்வளவு வருஷம் காத்திருந்த அந்தப் பாட்டும் தண்ணீரில் போய்விடுமோ என்கிற பயம். பிறகு, "பாட்டை முழுசா வாசிச்சிட்டு வரேன். அதுக்கப்புறம் எவ்வளவு தப்பு வேணுமோ பண்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பூசை நடுவே காணிக்கை கொண்டுபோகும் நேரத்தில் ஜேக்கப் கீபோர்டில் இருந்து கையை எடுத்தார். டீச்சர் கடைசி வரிசையில் இருந்து முன்னால் வந்து நின்றார். பழக்கதோஷத்தில் கோயிலில் பாதிப்பேர் குனிந்து தரையைப் பார்த்துக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் ஊதினார். முதல் ஸ்வரம் தப்பாமல் விழுந்தது, இரண்டாவது விழுந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் மேலே போயிற்று, கிறீச்சிடவில்லை. வேகமாகக்கூட இல்லை, நிதானமாக, புதிதாக நடக்கப் பழகியவர் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கிவந்து கடைசி ஸ்வரத்தில் நின்றது. தரை காய்ந்து கிடந்தது. எங்கள் யாருக்கும் இசை பெரிதாகத் தெரியாது, ஆனால் இத்தனை காலமாக அசைந்துகொண்டிருந்த வாயில் இருந்து அது வந்தது என்பது தெரியும். இருதயநாதன் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஜேக்கப்பும் அழுதார். பாப்பாயி அக்கா எங்கள் கோயிலுக்கு வருகிறவர் அல்ல; அன்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர், பிறகு தான் அழவில்லை, அடுப்புப் புகை என்றார்.

பூசை முடிந்ததும் டீச்சர் சொன்னபடி நேராக அண்டாவுக்குப் போனார். விசிலை அண்டா வாயில் பிடித்துக்கொண்டு, மோதிர விரலை வேண்டுமென்றே தூக்கி ஊதினார். தப்பு ஸ்வரம்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. மூச்சைக் கூட்டிக் கிறீச்சிட வைத்தார். காது கூசியது, அண்டா காய்ந்தே இருந்தது. தெரிந்து செய்கிற தப்பு தப்பில்லை போலிருக்கிறது, விசில் ஏமாறவில்லை. ஜேக்கப் வாங்கி ஊதிப் பார்க்கட்டுமா என்பது போலக் கையை நீட்டினார், டீச்சர் கொடுக்கவில்லை. மக்கள் தட்டோடு வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். டீச்சர் விசிலைப் பார்த்தார். பிறகு அதன் பச்சை வாயைப் புடவைத் தலைப்பால் நன்றாகத் துடைத்து, இருதயநாதனிடம் நீட்டினார்.

"ஊதுங்க."

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதனாலதான். ஊதுங்க."

இருதயநாதன் அதைத் தலைகீழாகப் பிடித்தார். டீச்சர் திருப்பிக் கொடுத்தார். இரண்டு துளை மூடியும் நாலு துளை திறந்தும் அவர் கன்னம் உப்ப ஊதியபோது வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. மணப்பாறை மாட்டுச் சந்தையில்கூட அப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று திருவிழாவுக்கு வந்திருந்த அவர் தங்கையே பிறகு சொன்னாள். தண்ணீர் குழாயை உடைத்துக்கொண்டு வருவதுபோல் வந்து அண்டாவில் விழுந்தது. ஜெகபர் அலி பாய் ஓடிவந்து அடுத்த அண்டாவைக் கீழே தள்ளிவைத்தார், பிறகு ஆசை தாங்காமல் தானும் வாங்கி ஊதி ஒன்றை நிரப்பினார். பாப்பாயி அக்கா ஒன்று. ஃபாதர் தயங்கித் தயங்கி வந்து ஊதியது கை கழுவும் டிரம்முக்குப் போதுமானதாக இருந்தது. ஜேக்கப் ஊதியபோது மட்டும் அழகான ஒரு ஸ்வரம் வந்து விசில் சும்மா இருந்தது, அவரை அனுப்பிவைத்தோம். பிரியாணி அன்று பிரமாதம். அரிசியில் லேசாக ஆற்று வாசனை அடித்தது என்று சிலர் சொன்னார்கள், அவர்களும் இரண்டாம் தரம் வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு சில கோடைகள் போய்விட்டன. முதல் விசிலை டீச்சர் தெருவுக்கே கொடுத்துவிட்டார். பட்டு உறை, துடைக்கும் துணி, குச்சி எல்லாம் அதனுடன் சேர்த்தி. ஒவ்வொருவர் ஊதியபின்னும் வாயைக் கழுவி வைக்கவேண்டும், முறுக்கு கூடாது என்கிற சட்டங்களைப் பாப்பாயி அக்கா காப்பாற்றி வருகிறார். வீட்டுக்கு வீடு முறை வைத்து ஊதுகிறோம். தேறிவிடுகிறவர்களை முறையில் இருந்து எடுத்துவிடுவோம், இதனால் தெருவில் ஓரிருவருக்கு வருத்தம் உண்டு. இருதயநாதனை மட்டும் எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. மனைவியே பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து வைத்துக் கொடுத்தும், இன்றுவரை அவருக்கு ஒரு ஸ்வரம்கூடச் சரியாக விழுந்ததில்லை. அவர் மாற்றலாகிப் போய்விடக்கூடாது என்று தெருவே வேண்டிக்கொள்கிறது. லிசி டீச்சர் பள்ளிக்கூடத்தில் இப்போதும் சிவப்புப் பேனாவால் தப்புப் போடுகிறார், கொஞ்சம் சின்னதாக. பாடல்குழுவில் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

பீமராவின் மாப்பிள்ளை அடுத்த முறை வந்தபோது கொண்டுவந்த விசிலை டீச்சர் தனக்கென்று வாங்கிக்கொண்டார். அதில் வழக்கமான ஈரம் தவிர வேறொன்றும் வருவதில்லை. முறை வரும் நாட்களில் சாயங்காலமானால் பச்சை கேட் வீட்டில் கணவர் பின்கட்டில் உட்கார்ந்து தெரு விசிலை ஊதுவார், மனைவி மொட்டைமாடியில் உட்கார்ந்து வாசிப்பார், இரண்டும் ஒரே பாட்டுதான். நாங்கள் பின்கட்டில் குடத்தை வைத்துவிட்டு, மாடிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.